கெட்ட மழை என்று சொன்னவள்

எனிஃபா தெம்பெனுவை நான்கு வருடம் என் சைக்கிளின் பின்சீட்டில் ஏற்றி ரேடியோ நிலையத்தில் கொண்டுபோய் விட்டவன் நான். வாரத்தில் மூன்று நாள், புழுதியில் ஒன்பது கிலோமீட்டர். பின்னால் சும்மா உட்கார்ந்து வருகிறவள் இல்லை அவள். கையிலிருக்கும் தாளை வழியெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள். சொல் ஏதாவது தொண்டையில் சிக்கினால் என் முதுகில் தட்டி, "சாமிசோனி, இத உங்கம்மா எப்படிச் சொல்லுவாங்க?" என்பாள். என் அம்மா சொல்வதையெல்லாம் ரேடியோவில் சொன்னால் நிலையத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

வானிலைத் தாளை எங்கள் பேச்சில் மாற்றிச் சொல்வதுதான் அவள் வேலை. நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்களுக்குக் கோடை; மழைக்காலமும் அதுவேதான். எந்த மாதம் எவ்வளவு பெய்யும், கடல் பக்கமிருந்து புயல் வருமா, ஷிரே ஆறு கரையைத் தாண்டுமா என்று அக்டோபர் கடைசியில் பட்டணத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வரும். ரேடியோவில் எனிஃபா சொன்ன பிறகுதான் எங்கள் பக்கத்தில் விதைப் பானையைத் திறப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு வந்த தாளில், "வழக்கமான அளவுக்கு மேல்" என்று இருந்தது. அதற்கு எங்கள் பேச்சில் என்ன சொல்வது? வராத மழையை யாரும் குறை சொல்ல மாட்டோம். காய்ந்து கிடக்கிற நவம்பரில் மழையைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால், அவர்தான் மந்திர முடிச்சுப் போட்டு அதைக் கட்டிவைத்திருக்கிறார் என்று ஊரே கிளம்பிவிடும். மழையைக் கட்டியதாகப் பேர் வாங்கியவர்கள் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். எனிஃபாவும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. "இந்த வருஷம் நல்ல மழை. எப்பவும் பெய்யிறதைவிட நல்ல மழை" என்று சொன்னாள். சந்தையில் பெண்கள் குலவையிட்டார்கள். நானும் சைக்கிள் மணியை அடித்தேன்.

அதை நம்பிப் பள்ளத்துக்கு இறங்கியவர்களில் அவள் அண்ணன் ஜோசாமும் ஒருவன். மேட்டு நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, ஆற்றோரக் கறுப்பு மண்ணில் சோளம் ஊன்றினான். நீர்யானை மேய்ந்துவிடாமல் காவல் காக்கக் குடும்பத்தோடு அங்கேயே குடிசையும் போட்டான். ஜனவரியில் ஆறு வீட்டுக்குள் வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு நாள் அத்திமரத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசிப் பெண் காய்ச்சலில் பிழைத்ததே பெரிய விஷயம். மரத்திலிருந்து இறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ரேடியோவுல பேசுற தங்கச்சி எனக்கு இல்ல" என்பதுதான். அதற்குப் பிறகு அவளோடு பேச்சில்லை. ஆனால் மண் ஆசை விடுமா? தண்ணீர் வடிந்ததும் திரும்பவும் அதே ஆற்றோரத்துக்குப் போய்விட்டான்.

போன அக்டோபரில் வந்த தாளிலும் அதே வரி இருந்தது. கூடவே கடலில் ஒன்றிரண்டு புயல், தாழ்ந்த இடங்களில் வெள்ள ஆபத்து. எனிஃபா பாதி வழிவரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தாள். பிறகு முதுகில் தட்டினாள்.

"சாமிசோனி, கெட்ட மழைக்கு நாம என்ன சொல்லுவோம்?"

"மழையில கெட்டது ஏதுக்கா? வாயக் கழுவுங்க."

"எங்கண்ணன் ஆத்தோரத்துலதான் இருக்கான்."

"அதுக்கு? எப்பவும் போல நல்ல மழைன்னு சொல்லிட்டு, பத்திரமா இருங்கன்னு கடைசியில ஒரு வார்த்த சேத்துக்குங்க."

"நல்ல மழைன்னதும் குலவ போடுவாங்க. அப்புறம் நான் என்ன சொன்னாலும் யார் காதுல விழும்?"

அன்று அவள் ரேடியோவில், "வரப்போறது நல்ல மழை இல்ல, கெட்ட மழை. பள்ளத்துல இருக்கறவங்க மேட்டுக்கு வந்துடுங்க" என்றாள். நான் வெளியே மரநிழலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தையில் அதே பேச்சாக இருந்தது. அவள் புருஷன் லைசனுக்குச் செங்கல் சூளை இருந்தது வேறு வம்பாகிப் போனது. பச்சைக் கல் காய வெயில் வேண்டும். "புருஷனோட கல்லு கரைஞ்சிடக் கூடாதுன்னு ஊர் மழையத் திட்டுறா" என்றாள் மீன் விற்கிறவள். மழையும் அதற்கேற்றாற்போல் வரவில்லை. பத்து நாள் போனது, இருபது நாளும் போனது. ஊன்றிய சோளம் மண்ணுக்குள்ளேயே வெந்தது. மறுபடி எனிஃபா வந்து நின்றபோது, சைக்கிளில் செயின் அறுந்துவிட்டது என்றேன். அவள் செயினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நடந்தே போனாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் மத்தியானம் ஊர் திரண்டு அவள் வீட்டுக்குப் போனது. எரிகிற சூளையில் தண்ணீரைக் கொட்டினார்கள். லைசன் தடுக்கப் போனான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"மழைய அவுத்து விடும்மா!"

"எங்கிட்ட எந்தக் கயிறும் இல்ல. வேணும்னா தேடிப் பாருங்க."

தேடினார்கள். அந்த வீட்டில் முடிச்சு என்று இருந்ததையெல்லாம் அவிழ்த்தார்கள். ஆட்டுக் கயிறு, தானிய மூட்டை, கோழிக்கூண்டின் கதவுக் கட்டு, கடைசியில் அவள் தலையில் கட்டியிருந்த துணி. ஆடுகள் திசைக்கொன்றாக ஓடின. துணிக்கொடியின் முடிச்சை அவிழ்த்தது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் அவிழ்க்கிறார்களே, நாம் சும்மா நின்றால் நம்மையும் பார்ப்பார்களே என்ற பயம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவள் நெற்றியில் பட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. ஊர்த்தலைவர் முன்னால் வந்தார்.

"எதுக்கும்மா வம்பு? நல்ல மழைன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. நாங்க பாட்டுக்குப் போயிடறோம்."

அவள் கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். "ஒரு தடவ சொன்னேன். எங்கண்ணன் பிள்ளைங்களோட மரத்துல உட்கார்ந்திருந்தான். இனிமே சொல்ல மாட்டேன்."

அழவில்லை. குரலும் உயரவில்லை. ரேடியோவில் பேசுவது போலவே சொன்னாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அடுத்த வாரமே மழை தொடங்கியது. தாங்கள் முடிச்சுகளை அவிழ்த்ததால்தான் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. ஜனவரியில் புயலும் வந்தது. ஜோசாமின் வயல் இருந்த இடத்தில் அதன் பிறகு ஒரு மாதம் படகு போனது. ஆனால் நான் சொல்ல வந்தது வெள்ளத்தைப் பற்றி இல்லை. கல் விழுந்ததற்கு மறுநாள் காலையில் நடந்ததைப் பற்றி.

வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல், விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைச் சாலைக்கு வந்தேன். ஆற்றோரப் பாதையில் ஒரு குடும்பம் மூட்டையும் ஆடுகளுமாக ஏறி வந்துகொண்டிருந்தது. பார்த்தால் ஜோசாம். பெரிய மூட்டையைக் கேட்காமலே வாங்கி சைக்கிளில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஜோசாம் நேராக எனிஃபாவின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

அவள் வெளியே வந்தாள். நெற்றியில் துணி சுற்றியிருந்தது.

"வலிக்குதா?" என்றான்.

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத."

அவன் தோளிலிருந்த பாயை இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

"ரேடியோவுல நீ சொன்னப்போ நான் நம்பல. நம்ப முடியுமா சொல்லு. போன தடவையும் நீதான சொன்ன. நேத்து சாயங்காலம் ஆத்தோரத்துக்குச் சேதி வந்துச்சு. உன்ன அடிச்சாங்களாம், அடிச்சும் வார்த்தைய மாத்தலையாம். அப்பதான் இவகிட்ட பாயச் சுருட்டுன்னு சொன்னேன்."

முந்தின நாள் கல் பட்டும் அழாத எனிஃபா அப்போது அழுதாள். மூட்டையை இறக்குகிற சாக்கில் திரும்பி நின்று நானும் அழுதேன்.