பேருந்து முழுக்கக் கேட்ட புலம்பல்

மதுரையிலிருந்து பரிமாற்ற மாணவியாக யாழ்ப்பாணம் வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

இன்று வகுப்பு முடிந்து, கோப்பாயில் இருக்கும் என் அறைக்குத் திரும்பும்போது பேருந்தில் அம்மாவிடம் போனில் அழுதுவிட்டேன். "இங்க யாருமே என்கூடப் பேச மாட்டேங்குறாங்கம்மா!"

இங்கேயும் தமிழ்தான் என்பதை அழுகையில் மறந்து, வெளிநாடுதானே, யாருக்கும் புரியாது என்ற நினைப்பில் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். நிமிர்ந்தால் பேருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கை அம்மா என் கையைப் பிடித்தார். "அழாதை பிள்ளை. எங்களோடை கதை."

முன்னால் இருந்த ஐயாவும் திரும்பினார். "ஓம், நாங்களும் தமிழ்தானே கதைக்கிறம். நீர் எந்த இடம்?"

பேச்சு சுவாரசியத்தில் கோப்பாயைத் தவறவிட்டேன். அடுத்து வந்த புத்தூரில் அந்த அம்மாவோடு இறங்கி, அவர் வீட்டில் தேநீர் குடித்தபின், அவர் மகள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். மனசு நிறைந்திருக்கிறது.

இனி பேருந்தில் என் அம்மாவிடம் போனில் ரகசியம் பேச எந்த மொழி கற்கலாம், சொல்லுங்கள்.