அறுப்பு நின்ற தை மாதம்

மகள் பிறந்ததும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெரு அது. அங்கே ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் நான் என்பதால் எல்லோருக்கும் என்மேல் ஒரு மரியாதை. அந்த மரியாதையில்தான் என் கதவைச் சாத்தியே வைத்தார்கள். "டீச்சர் தூங்குது, தள்ளிப் போயி வெளையாடுங்கடா" என்று பிள்ளைகளை விரட்டினார்கள்.

நான் தூங்கவில்லை. குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வரும். விரலை எடுத்ததும் நின்றுவிட்டதுபோல் இருக்கும். நான் கண்ணை மூடினால் அவள் போய்விடுவாள் என்றே நம்பினேன். யாரிடம் சொல்வது? படித்தவளுக்கே புத்தி கலங்கிவிட்டது என்பார்களோ?

அந்தத் தையில் கூலி உயர்வு கேட்டு யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. வேலை இல்லாததால் பெண்கள் எங்கள் வாசலில் கூடிப் பொதுவாகக் கஞ்சி காய்ச்சினார்கள். பாத்திரம் எடுக்க உள்ளே வந்து போனதில் என் கதவும் திறந்தே கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்த அத்தை, அப்பாவின் தங்கை, என் விரலைக் கண்டுவிட்டாள்.

"ஏன் டீச்சரு, மூக்குல வெரல வச்சிக்கிட்டே இருந்தா புள்ள எப்படித் தூங்கும்?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"நீ படு. மூச்சு விடுதான்னு நாங்க பாத்துக்கறோம். இப்ப எங்களுக்கு வேற என்ன வேல கெடக்கு?"

வாசலே சிரித்தது. குழந்தை மடி மாறி மடி போனது. அந்தப் பேச்சுச் சத்தத்தில், பல நாளுக்குப் பிறகு, தூங்கினேன். கஞ்சியில் சோறு குறைந்துகொண்டே போன நாட்கள் அவை. ஆனால் இன்றும் எனக்கு அவை இனிப்பாகவே நினைவில் நிற்கின்றன. அப்படி நினைப்பது சரிதானா என்று தெரியவில்லை.

ஒருநாள் மாலை பேச்சுவார்த்தை முடிந்தது, கூலி ஏறிற்று. தெருவே குதூகலித்தது. நான் மட்டும் மறுபடி பிள்ளையின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன். விடிந்தால் தெரு காலியாகிவிடும்.

காலையில் பழைய புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு அவர்கள் பின்னால் நடந்தேன். அம்மா பதறினாள். "படிச்ச புள்ள வயலுக்கு வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அறுக்கவா வருது? தூங்க வருது. விடு அண்ணி" என்றாள் அத்தை.

வாய்க்கால் கரைப் பூவரசில் தூளி கட்டினோம். அரிவாள் சத்தத்துக்கு நடுவே வயலிலிருந்து குரல் வந்தது: "டீச்சரு, வெரல எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன் அத்த."

உண்மையில் அப்போதுதான் எடுத்தேன்.