படம் நல்லா இல்லை

என் அக்காவுக்கு எங்கள் பார்லரில் ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். எல்லாரும் ஒரு சீரியலைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினால், இவள் மட்டும் வில்லி பக்கம் நிற்பாள். “நாள் முழுக்க மூலையில நின்னு அழறவளைவிட இவ எவ்வளவோ மேல். கேள்வியாவது கேக்கறா” என்பாள். பாட்டுப் போட்டியில் நடுவர் வாராவாரம் அழுதால், “மார்க்கு பாட்டுக்கா, கண்ணீருக்கா?” என்பாள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே கதாநாயகன் சுற்றினால், “அந்த ஊர்ல போலீஸ் ஸ்டேஷனே கட்டலையா?” என்று கேட்பாள்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். புருவம் எடுப்பது. நூலின் ஒரு முனை பல்லுக்கிடையில், மீதி இரண்டு கை விரல்களில். வாயைத் திறந்தால் நூல் தொய்ந்துவிடும். நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்கள் இரண்டு கையாலும் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதை கதையாகச் சொல்வார்கள். அவள் மூக்கால் ஒரு ‘ம்ஹும்’ போடுவாள். ஒரு புருவம் முடிந்து மறு புருவத்துக்கு மாறும்போதுதான் தீர்ப்பு வரும். அதைக் கேட்கவென்றே வருகிறவர்களும் உண்டு.

பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிறவள் நான். சினிமா விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் தூ என்று துப்பிய படத்தை நான் மூன்று முறை பார்த்து அழுதிருக்கிறேன். அவள் மெச்சிய படத்தில் நான் இடைவேளைக்கு முன்பே தூங்கியிருக்கிறேன். வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் சண்டைதான்.

அவள் புருஷன் ஒரு நடிகருக்கு வெறிபிடித்த ரசிகன். வண்டியில் அவர் படம், கைபேசியில் அவர் பாட்டு. போன வருடம் அந்த நடிகரின் படம் ஒன்று வந்தது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் வீட்டில் அவன் கூட்டாளிகள் எல்லாம் உட்கார்ந்து ஆகா ஓகோ என்று புகழ்ந்திருக்கிறார்கள். இவள் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, “படம் நல்லா இல்லை. நெஞ்சுல குண்டு வாங்கி, கடல்ல விழுந்து எழுந்து வர்றான், தலை மட்டும் கலையவே இல்லை. நான் பார்லர்ல வேலை செய்யறவ, எங்கிட்டயேவா?” என்றிருக்கிறாள். கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். அவன் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் பளாரென்று ஓர் அறை விட்டான்.

அன்றே பையைத் தூக்கிக்கொண்டு நான் இருக்கும் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சொந்தக்காரர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஒரு சினிமாவுக்காகவா வாழாவெட்டியா வந்து உக்காந்திருக்கே?” எங்கள் அம்மாவே போனில், “நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி. வாயில முத்தா உதிர்ந்துடும்?” என்றாள். அக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். “ஒரு சினிமாவுக்குத்தானே அடிச்சான்? அப்ப பெரிய விஷயம் வந்தா என்ன செய்வான்?”

போன வாரம் அவள் நாத்தனார், அதாவது அவன் அக்கா, பார்லருக்கு வந்தாள். புருவம் எடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லி அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். சுவரில் இருந்த டிவியில், வேளை பார்த்தாற்போல, அதே படம். முதலாளியம்மா சேனலை மாற்றக் கையை நீட்டினாள். “இருக்கட்டும்” என்றாள் அக்கா. பவுடர் தடவினாள், நூலைக் கடித்துக்கொண்டாள்.

நாத்தனார் இமையை இழுத்துப் பிடித்தபடி ஆரம்பித்தாள். “தம்பி இளைச்சுப் போயிட்டான். கோபம் எல்லாம் தணிஞ்சாச்சு. அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதே கூட்டாளிங்க முன்னாடி, ‘படம் நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் புரியலை’ன்னு நீ சொல்லணும். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமையே வந்து கூட்டிட்டுப் போறேங்கறான்.”

அக்காவின் மூக்கிலிருந்து ‘ம்ஹும்’கூட வரவில்லை. நூல் சரசரவென்று ஓடியது.

“பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வீம்பு? அடிச்ச கைதானே நாளைக்கு அணைக்கும்?”

அக்கா பல்லைத் திறந்தாள். நூல் தொய்ந்து நாத்தனாரின் மூக்கின் மேல் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் ஒரு புருவத்தைப் பாதியில் விட்டு வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

“அண்ணி, அந்தப் படம் நல்லா இல்லை. அன்னிக்கும் நல்லா இல்லை. ஞாயித்துக்கிழமையும் நல்லா இருக்காது.”

நாத்தனார் விருட்டென்று எழுந்தாள். எதிரே கண்ணாடி. இடது புருவம் வில்லாக வளைந்திருந்தது. வலது பக்கம் பாதியோடு நின்று, மீதி புதராக இருந்தது. காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளியம்மா, “ஐயையோ, மன்னிப்புக் கேளுடி!” என்று பதறினாள்.

“உக்காருங்க அண்ணி. இப்படியே அனுப்பினா என் தொழிலுக்கு அசிங்கம். முடிச்சுத் தர்றேன். அதுக்காக என் பேச்சை மாத்திக்க மாட்டேன்.”

நாத்தனாருக்கு வேறு வழி? அந்த முகத்தோடு தெருவில் எப்படி நடப்பாள்? உட்கார்ந்தாள், இமையை இழுத்துப் பிடித்தாள். அக்கா புது நூலை எடுத்துக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

“அப்ப தம்பிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?” நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது.

அக்காவின் வாயில் நூல். அவளால் பேச முடியாது. டிவியில் கதாநாயகன் கடலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். அந்தக் காட்சி வந்தால் நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். அன்றும் கீழே வைத்தேன். ஆனால் திரையைப் பார்க்கவில்லை.

“நான் சொல்றேன், கேட்டுக்கோங்க” என்றேன். “எனக்கு இந்தப் படம்னா உயிரு. மூணு தடவை பார்த்திருக்கேன். இவளுக்குப் பிடிக்காது. ஒரே அறையிலதான் இருக்கோம், தினமும் இதுக்காகச் சண்டை போடறோம். நான் இதுவரைக்கும் அவமேல கை வெச்சதில்லை. அதைப் போய் அவர்கிட்ட சொல்லுங்க.”

அக்கா நிமிரவில்லை. மூக்கால் ஒரு ‘ம்ஹும்’ வந்தது. நூல் மறுபடி ஓடத் தொடங்கியது.