எவன் பார்த்த வேலை இது?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது வீட்டுக்குள் கால் வைத்ததும், முன்னால் வேலை பார்த்தவனைத் திட்ட வேண்டும். கொத்தனாரோ, பெயிண்டரோ, எலெக்ட்ரீஷியனோ, சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "எவன் பாத்தான் இந்த வேலைய?" என்று கேட்டால்தான் வீட்டுக்காரருக்கு நம்மேல் மதிப்பு வரும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோவில்பட்டியில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளைச் சொந்தமாக எடுத்துச் செய்கிறவன் நான். முக்கியமாகச் சுவர் விரிசல். கரிசல் பூமியில் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கோடையில் மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் ஊதி எழும்பும். மேலே நிற்கிற சுவர் பாவம், என்ன செய்யும்?

இரண்டு வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்த சமயம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, வடக்குச் சுவரு மறுபடியும் விரிசல் விட்டுருச்சு. வந்து பாக்குதீங்களா?"

அந்த 'மறுபடியும்' என் காதில் ஏறவே இல்லை. மறுநாள் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். இளம்பச்சை பெயிண்ட், வாசலில் புதுத் தகரக் கூரை. பார்த்த வீடாகவோ, டீச்சர் பார்த்த முகமாகவோ தோன்றவில்லை. உள்ளே போய் வடக்குச் சுவரைச் சுத்தியலால் தட்டினேன். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம். உதடு தானாகப் பிதுங்கியது.

"எவன் டீச்சர் பாத்தான் இந்த வேலைய?"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் தம்பி, சரியில்லையா?"

"சரியா? விரிசலைக் கொத்தி விடாம மேலாப்புல பூசியிருக்கான். கம்பி வலை வைக்கல. தண்ணி ஊத்தி நனைக்கல."

"அப்படியா? வேற?"

யாராவது 'வேற?' என்று கேட்டுவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "மண்ணு வெடிச்சுக் கெடக்க கோடையில பூசியிருக்கான் டீச்சர். மழை பெஞ்சா மண்ணு ஊதும், சுவரு அசையும், பூச்சு நிக்குமா? வெளிய சுவரைச் சுத்தித் தளம் போட்டுத் தண்ணி இறங்காமப் பண்ணியிருக்கணும். கூரைத் தண்ணி வேற நேரா அஸ்திவாரத்துல விழுது. தொழில் தெரியாத பய."

டீச்சர் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். என் பேச்சைக் குறித்துவைக்கிறாரே என்று எனக்குப் பெருமை வேறு. காபி வந்தது. குடித்து முடித்த பிறகு தன் போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"இது யாருன்னு பாருங்க."

அதே வடக்குச் சுவர். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டை என்னுடையது. மீசையும் என்னுடையது.

"ஏழு வருசம் முன்னால வேல முடிஞ்ச அன்னிக்கு எடுத்தது" என்றார் டீச்சர்.

காது இரண்டும் சுட்டது. கரிசல் வெடிப்பு எவ்வளவு பெரிதானாலும் ஓர் ஆள் உள்ளே இறங்க முடியாதே என்று அன்று முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்?"

"சொல்லியிருந்தா இவ்வளவு நல்லாத் தப்பு சொல்லியிருப்பீங்களா? ஆறு சொன்னீங்க. ஆறையும் எழுதி வச்சிருக்கேன். இந்தத் தடவ எல்லாத்தையும் சரியாச் செஞ்சு குடுங்க."

செய்து கொடுத்தேன். வேலை நடந்த அத்தனை நாளும் டீச்சர் அந்தத் தாளோடு வந்து நின்று, ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடித்தார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்துச் சிரித்து அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்கன போனாலும் பத்து நிமிசம் வாயத் தெறக்காதீங்க. பாருங்க, தட்டுங்க, போட்டோ எடுங்க. அப்புறம் பேசுங்க" என்றாள்.

பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. கயத்தாறில் ஒரு வீட்டுக்காரர், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துச் சைகையில் விரிசலைக் காட்டினார். பத்தாவது நிமிடத்தில் நான் பேசியதும் திடுக்கிட்டுப் போனார்.

அதே பழக்கம்தான் ஓட்டப்பிடாரத்தில் ஒரு பெரிய வேலையை வாங்கிக் கொடுத்தது. எனக்கு முன்பே மூன்று பேர் வந்து பார்த்து, ஆளுக்கொரு பாட்டம் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் பேசாமல் தட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லலியே? கட்டுன ஆளு சரியில்லைன்னு அவிய எல்லாரும் சொன்னாவளே?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "மண்ணு அப்படி. அவர ஒருத்தர மட்டும் குத்தம் சொல்ல முடியாது" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி விறுவிறுவென்று வந்தார். "இவரே பாக்கட்டும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டைக் கட்டினது அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு பழக்கத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். முதல் பெருமழை பெய்ததும், நான் பார்த்த சுவர்களை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவருவது. கூப்பிடாமல் வருகிற காண்ட்ராக்டரை யாரும் நம்புவதில்லை. போன ஐப்பசியில் ஒரு கிராமத்தில் வீட்டம்மா ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க வரச் சொல்லலியே. எதுக்கு வந்தீய?"

"சும்மா, சுவரப் பாத்துட்டுப் போலாம்னு."

சந்தேகத்தோடே உள்ளே விட்டார். ஒரு கீறல் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். ஆனாலும் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஒண்ணுமில்லங்கீய, பெறகு எதுக்கு இம்புட்டு நேரம் பாக்குதீய?"

என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை சுவரைத் தட்டிப் பார்த்தேன். என்னை எப்படியாவது கிளப்பினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பை மிளகாய் வத்தலைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். பாதி வழியில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வத்தல் நனையக் கூடாதென்று பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். கோவில்பட்டி வந்து சேரும்வரை வத்தல் நெடியில் தும்மல்.