எதிரில் உட்கார ஓர் ஆள்

மதிப்பிற்குரிய வாசகசாலை அன்பர்களுக்கும், கோடை விடுமுறைதோறும் தங்கள் பிள்ளைகளை எங்கள் பாயில் கொண்டுவந்து உட்கார வைக்கும் தாய்மார்களுக்கும் பணிவான வணக்கம். ஆவுடையம்மாளைப் பற்றிப் பதினாறாம் நாளுக்குள்ளேயே நான் எழுதியிருக்க வேண்டும். இன்று நாற்பது நாள் கடந்துவிட்டது. தாமதத்தைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்கிறேன். எழுத இயலாமல் தாமதிக்கவில்லை. எழுதி முடித்தால் முதலில் யாரிடம் படித்துக் காட்டுவது என்று விளங்காமல் தாமதித்தேன்.

செய்தி வந்தபோது நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் திருநெல்வேலிப் புத்தகக் கடைக்காரர் ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்களைப் பேருந்தில் ஏற்றி விக்கிரமசிங்கபுரத்துக்கு அனுப்புவார். அவற்றுள் கோடைக்கென்று இருபதைத் தேர்ந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பியனுப்புவது எங்கள் இருவர் பொறுப்பு. நடத்துநர் பெட்டியை இறக்கித் தந்ததும் ஆவுடையம்மாளைக் கைப்பேசியில் அழைத்தேன். அவருடைய மகள் கோமதி எடுத்தாள். "பெட்டி வந்துட்டுன்னு அம்மாட்டச் சொல்லு" என்றேன். "பெரியம்ம, அம்மா காலைல எந்திரிக்கவே இல்ல" என்றாள். அயர்ந்து உறங்குகிறார் என்றே எண்ணி, "சரி, பைய எந்திரிக்கட்டும். பிறகு சொல்லு" என்றேன். அந்தப் பெண் அழத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது. பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஆவுடையம்மாள் என்னைவிட மூன்று வயது இளையவர். ஓய்வு பெறும்வரை அங்கன்வாடியில் பணிபுரிந்தவர். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன் பிறகு கற்றதனைத்தும் நானே முயன்று கற்றது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. என் செந்தமிழைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரிக்கும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது. "வடிவக்கா, நீங்க பேசுதத கேட்டா ரேடியோவுல நியூஸ் கேக்க மாரி இருக்கு. முடிஞ்சதும் வானிலையும் சொல்லிருங்க" என்பார்.

புத்தகம் தேர்வதற்கு அவர் வகுத்த முறையைப் பலர் அறியமாட்டீர்கள். தையற்கடை மாடியிலுள்ள நம் வாசகசாலையில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, புத்தகத்தை விரித்துப் பிடித்துப் படிக்க வேண்டும். மற்றவர் ஆறடி தள்ளிப் பாயில் நான்கு வயதுப் பிள்ளையாக உட்கார வேண்டும். அந்தத் தொலைவில் படம் தெரிகிறதா, அந்த வயதுக்கு அலுப்புத் தட்டுகிறதா என்று பாயில் இருப்பவரே தீர்ப்பளிப்பார். பிள்ளைகளையே உட்கார வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கிழிஞ்ச புஸ்தகத்த கடக்கார அண்ணாச்சி திருப்பி எடுப்பாராக்கா?" என்றார்.

பாயில் உட்கார்ந்தால் ஆவுடையம்மாளுக்கு உண்மையிலேயே வயது குறைந்துவிடும். கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். சன்னல் வழியே பேருந்தை வேடிக்கை பார்ப்பார். கதை இழுத்தால் சிறிதும் சிரிக்காமல், "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று எழுந்துவிடுவார். அப்புத்தகம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். என் முறை வந்தால் மட்டும் அவருக்குத் திருப்தியே இராது. "நீங்க நாலு வயசுப் பிள்ளையாக்கும்? தாசில்தார் மாரில்லா உக்காந்திருக்கிய!" என்பார்.

ஒருமுறை ஆற்றைப் பற்றிய அழகிய புத்தகம் ஒன்று வந்தது. வழவழப்பான தாள், குறையற்ற நடை. நான் மயங்கிப்போனேன். பாயிலிருந்து குரல் வந்தது: "டீச்சர், இந்த ஆத்துல ஏன் ஒருத்தரும் துணி தொவைக்கல? பாறய எங்கன கொண்டு போட்டாங்க?" பக்கத்துப் பாபநாசத்து ஆற்றில் குளித்து வளரும் பிள்ளை அதைத்தான் கேட்கும் என்று எனக்கும் தெரிந்தது. ஆயினும் அந்த நடைக்காக வாதாடினேன். அவர் இணங்கவில்லை. இன்னொரு புத்தகத்தில் மாங்காய் பறித்த சிறுமி இறுதியில் மன்னிப்புக் கேட்பாள். "வெயில்ல நடந்து வந்த பிள்ளைக்கு நெழலக் குடுங்க. கடைசிப் பக்கத்துல புத்தி சொல்லுத புஸ்தகத்த பைய மூடிருங்க" என்றார். அதை மட்டும் நான் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டேன்.

இனி நான் எழுத விரும்பாத ஒன்றை எழுதியாக வேண்டும். எழுத்தே இல்லாத, படங்கள் மட்டுமேயுள்ள யானைக்கன்றுப் புத்தகம் ஒன்றை ஓர் ஆண்டு அவர் தேர்ந்தெடுத்தார். அந்தக் கோடையில் பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்கோ அது முடிக்கப்படாத புத்தகமாகவே பட்டது. ஒவ்வோர் எழுத்தையும் பாடுபட்டுப் பெற்றவள் நான். எழுத்தில்லாத பக்கத்தை எப்படிப் பொறுப்பேன்? அடுத்த ஆண்டு, அவரிடம் கேளாமலே, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சீட்டு எழுதி மைதாப் பசையால் ஒட்டிவிட்டேன். "கதிரவன் கீழ்த்திசையில் எழுகின்றான். யானைக்கன்று தன் அன்னையைத் தேடிப் புறப்படுகின்றது." சொல்லுக்குச் சொல் செதுக்கியிருந்தேன்.

மறுநாள் அதைப் பிள்ளைகளுக்குப் படித்தேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், எழுதிருக்கதுதான் கதையா?" என்றாள். ஆம் என்றேன். "அப்போ போன வருசம் நான் சொன்னது தப்பா?" நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பிறகு அந்தப் புத்தகத்துக்கு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஆவுடையம்மாள் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துணியும் கொண்டுவந்து வைத்தார். "வாங்கக்கா, பைய நனச்சு எடுப்போம்." சீட்டுகள் வந்தன. ஒன்று மட்டும் படத்தின் தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. யானைக்கன்றுக்கு ஒரு கால் போயிற்று.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன். நான்கு நாள் வாசகசாலைப் பக்கம் திரும்பவில்லை. தவறு என்னுடையது என்று தெரிந்தும் போகவில்லை. ஐந்தாம் நாள் அவர் என் வாசலில் வந்து நின்றார். சமாதானம் பேசவில்லை. குற்றமும் சொல்லவில்லை. "வடிவக்கா, எதிர்ல உக்கார ஆளில்ல. வாரியளா?" என்றார். போகும் வழியில், "யானைக்கு ஒரு கால் எங்கன்னு பிள்ளையள்ட்ட கேட்டேன். ஆத்துல வச்சிருக்காம், தண்ணி சில்லுன்னு இருக்கான்னு பாக்காம்" என்றார். நடுத்தெருவில் நின்று இருவரும் சிரித்தோம்.

பதினாறாம் நாள் கோமதி என்னிடம் ஒரு காகித உறையைத் தந்தாள். அதனுள் நான் எழுதி ஒட்டிய சீட்டுகள் அனைத்தும் உலர்ந்து, ஓரம் சுருண்டு இருந்தன. எறிந்துவிட்டார் என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். "எம் பிள்ளைக்கு எழுதப் பழக்க அம்மா இதத்தான் வச்சிருந்தா. வடிவக்கா மாரி குண்டு குண்டா எழுதணும்ட்டின்னு சொல்லுவா" என்றாள். அந்த உறை இப்போது என்னிடம் இருக்கிறது. என் எழுத்துக்கு உரிய இடம் எதுவென்று அவர் அறிந்து வைத்திருந்தார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.

பெட்டியை இரண்டு வாரம் திறக்கவில்லை. பிறகு ஒரு மாலை பாயை விரித்து, நாற்காலியில் அமர்ந்து, எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு புத்தகமும் நன்றாகவே இருந்தது. ஒருவரும் ஒண்ணுக்கு வருகிறது என்று எழவில்லை. பிறகு புத்தகத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் பக்கத்தோடு நின்றது. புரட்ட ஆளில்லை. கீழே தையல் இயந்திரம் ஓடும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டியை மறுபடியும் மூடிவிட்டேன். கடைக்காரர் இருமுறை அழைத்துவிட்டார். பிள்ளைகள் வர இன்னும் ஒன்பது நாட்களே உள்ளன. அலமாரியில் கோடைக்கான தட்டு காலியாக இருக்கிறது.

ஆகவே, ஆவுடையம்மாளை அறிந்த உங்களிடம், அவர் அன்று என் வாசலில் கேட்டதையே நான் கேட்கிறேன். எதிரில் உட்கார ஆளில்லை. வரும் சனிக்கிழமை மாலை ஒருவர் வந்தால் போதும். தரையில் உட்கார இயல வேண்டும். பிடிக்காவிட்டால் என் முகத்துக்கு அஞ்சாமல் எழுந்து போகவும் தெரிந்திருக்க வேண்டும். வர இயலுமா, இயலாதா என்று விரைவில் பதில் எழுதுங்கள்.