நட்சத்திரம் பார்க்க ஒரு சனிக்கிழமை

என்னவருக்குத் துறைமுகத்துப் பக்கம் சாமான் கிடங்கொன்றில் இரவு வேலை. சனி, ஞாயிறும் விலக்கில்லை. எனக்குப் பகலில் கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுக் கதவடியில் ஒருவர் சப்பாத்தைக் கழற்ற, மற்றவர் மாட்டுவோம். "சாப்பாடு அடுப்பில கிடக்கு" என்பதற்கு மேல் கதையில்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு நேரம் படுத்து எழும்புகிறோம். ஒரு முழு இரவு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. மகள் கொலிஜுக்குப் போகும் வயதில் அதை வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

அதனால் நட்சத்திரம் பார்க்கப் போவோம் என்றேன். இங்கே தெருவிளக்கு வெளிச்சத்தில் வானத்தில் ஒன்றும் தெரியாது. வடக்கே காரில் போனால் ஏரிக்கரையில் கும்மிருட்டு. அவரும் ஓம் என்றார். நாள் பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

குசினிக் கதவில் தொங்கும் கோயில் கலண்டரைப் பார்த்தேன். முதல் வந்த சனிக்கிழமை அமாவாசை. அவர் தகப்பனுக்கு விரதம் இருக்கும் நாள். அன்றைக்கா ஊர் சுற்றுவது? அதை விட்டுவிட்டு, இரண்டு கிழமை தள்ளி வந்த சனியைச் சொன்னேன். லீவும் கிடைத்தது. பெட்சீற், பிளாஸ்கில் தேத்தண்ணி, நுளம்பு மருந்து, ரோல்ஸ் என்று மனதுக்குள் எத்தனை தரம் காரில் ஏற்றி இறக்கியிருப்பேன்!

மகள்தான் கலண்டரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அண்டைக்கு ஃபுல் மூன்! ஒரு வெள்ளியும் வடிவாத் தெரியாது. அமாவாசைக்கெல்லோ போயிருக்கோணும்."

விரதம் பார்த்த என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல? குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அன்று பின்னேரம் கதவடியில் அவரிடம் சொன்னேன். லீவை இனி மாற்ற முடியாதாம்.

"வெள்ளி தெரியாட்டி அவ்வளவு தூரம் போய் என்ன செய்யிறது? வீட்டில கிடந்து நித்திரை கொள்ளலாம்" என்றபடி குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிலவு வெளிச்சத்தில நீங்கள் தெரிவியள்தானே. எனக்கு அது காணும்" என்றேன்.

நாடா கட்டிய கை அப்படியே நின்றது. பஸ் போய்விடும் என்று தெரிந்தும், நிமிர்ந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?" என்று கேட்டார்.