வீக் பேட்டரியில் எட்டுப் பாட்டு

எனக்கு உயிரான ராக் ஆல்பம் ஒன்று உண்டு. அதைச் சரியான வேகத்தில் கேட்டால் மட்டும் எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போனில் தேடிப் பிடித்துப் போட்டும் காட்டிவிட்டார்கள். யாரோ நாலு பேர் நாய் துரத்துகிற மாதிரி மூச்சிரைக்கப் பாடுகிறார்கள். எங்கள் வீட்டில் பாடியவர்கள் இவர்கள் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாதனூருக்குப் பக்கத்தில், பாலாற்றைப் பார்த்த வீடு. எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இருமல் முற்றி அவர் வீட்டோடு உட்கார்ந்த வருடம், பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருந்த அக்காவை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கும். முன்பெல்லாம் அக்கா எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அப்பா இருமினால் அதே மாதிரி இருமிக் காட்டி அவரையே சிரிக்க வைப்பாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்கு அதெல்லாம் மறந்துபோயிருந்தது.

மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தையல் லைனிலேயே அதிக ஜோடி தைத்தவள் என்று அக்காவுக்கு ஒரு கேசட்டைப் பரிசாகக் கொடுத்தார். கம்பெனி ஹாலில் ஸ்பீக்கர் கட்டி, தைக்கிறவர்கள் கை சுறுசுறுப்பாக ஓடட்டும் என்று நாள் முழுக்கப் போடுகிற பாட்டுதானாம். அட்டையில் தோள்வரை முடி வளர்த்த நாலு பேர் தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் எட்டுப் பாட்டு.

வீட்டில் மாமா போட்டுவிட்டுப் போன ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. கரண்ட் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போட மாட்டோம். பகலெல்லாம் கூரை ஓட்டின் மேல் வெயிலில் காய வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். அந்தக் கொஞ்ச உயிரில் கேசட் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றும். பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வரும். கிட்டார் ஒவ்வொரு கம்பியாக யோசித்து அழும். ஒரு டிரம் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நான் கொட்டாவியே விட்டுவிடலாம். அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருப்பாள், நான் அவள் மடியில். எதிரே பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும். பாட்டு ஓடுகிற வரைக்கும் அதில் தண்ணீர் போவதாகவே நான் நம்பிக்கொண்டிருப்பேன்.

சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிக்கிற அப்பா, இதற்கு மட்டும் தடை சொல்லவில்லை. வெளிநாட்டுக் கோயில்களில் பெரிய வெள்ளிக்கிழமை பாடுகிற பாட்டு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கண்ணை மூடிக் கேட்பார். நாலாவது பாட்டு முடிந்ததும் ஆமென் சொல்வார். அக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்காவை ஒரு தடவையாவது பழையபடி சிரிக்க வைத்துவிட வேண்டும். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய காரியம் கிடையாது. புது பேட்டரி போட்டுக் கொடுத்தால் சிரிப்பாள் என்று தோன்றியது. தெருமுனைக் கடை பாய் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக் கொடுத்தேன். கூலியாக நாலு பேட்டரி கேட்டேன்.

“நாலு போதுமா பாப்பா, ஜாஸ்தி வேணாமா?” என்று பாய் கேலி செய்தார்.

பஸ் சத்தம் கேட்டதும் பேட்டரியை மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா வாசலில் கால் வைத்தாள். பட்டனை அமுக்கினேன். வீடே அதிர்ந்தது. அப்பா படுத்திருந்த பாயிலிருந்து துள்ளி எழுந்தார்.

“இன்னாடி இது? இதுக்கா நான் ஆமென் சொல்லிக்கினு இருந்தேன்?”

இதற்கே சிரித்திருக்க வேண்டும் அவள். சிரிக்கவில்லை. டிபன் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய வலது பாதம் தானாகத் தரையை அமுக்கி அமுக்கி எடுத்தது. இரண்டு கைகளும் எதையோ முன்னால் தள்ளிக்கொண்டே போயின. அவளே அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, எட்டி பட்டனைத் தட்டி நிறுத்தினாள்.

“யாருடி பேட்டரி மாத்துனது?”

“நான்தான்க்கா. உனக்கோசரம்தான்.”

“பகலெல்லாம் இந்த வேகத்துலதான் ஓடிட்டு வர்றேன். வூட்லயும் ஓடணுமா?” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கம்பெனியில் சேர்ந்த நாளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது பேட்டரி நாலையும் கழற்றி என் பக்கம் உருட்டிவிட்டாள். ஓட்டின் மேல் கிடந்த பழசை எடுத்துவந்து போட்டாள். பாட்டு பழையபடி தள்ளாடிக்கொண்டு கிளம்பியது. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, மடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. ஒரு நாளில் அவள் ஓடாமல் உட்கார்ந்திருந்த நேரம் அந்த எட்டுப் பாட்டு மட்டும்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? புளி அரித்த விரல்கள் எரிந்தன, வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாட்டையும் மீறி அவளுக்குக் கேட்கும்படி கத்தினேன்: “இனிமே உனக்கு நான் ஒண்ணுமே வாங்கித் தர மாட்டேன் போ!”